ஜிம்மாவுக்குப் போகும் ஆசிரியைக்கு: அம்ஹாரிக்கா, ஒரோமோவா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினொரு ஆண்டுகளாகச் சிவில் துறையில் பாடம் நடத்தி வருகிறேன். எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊரில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. புறப்பட மூன்று மாதம் இருக்கிறது. கணவரும் ஐந்து வயது மகளும் அடுத்த செமஸ்டரில் வந்து சேர்வார்கள். அந்த நாட்டின் மொழி அம்ஹாரிக் என்று படித்தேன். ஜிம்மாவில் ஒரோமோதான் பேசுவார்கள் என்று அங்கு போய் வந்த ஒருவர் சொல்கிறார். பாடம் ஆங்கிலத்தில்தானே, எதற்கு வீண் உழைப்பு என்கிறார் எங்கள் துறைத் தலைவர். கற்பதென்றால் அரபி கற்றுக்கொள், பின்னால் வளைகுடாவில் வேலை தேட உதவும் என்கிறார் என் அண்ணன். நான் எதைக் கற்பது?

— ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கையில் இருக்கும் மூன்று மாதத்தையும் அம்ஹாரிக் மொழிக்குக் கொடுங்கள். ஒரோமோவில் வணக்கமும் நன்றியும் சொல்லும் அளவுக்கு மட்டும் பழகிக்கொண்டு, அதை முறையாகக் கற்பதை ஜிம்மாவில் வீடு பார்த்துக் குடியேறிய பிறகு தொடங்குங்கள். அரபி இப்போது வேண்டாம். இந்த விடை ஜிம்மாவுக்கு மட்டும் உரியது என்பதால், இதற்கு எப்படி வந்தேன் என்பதையும் விளக்க வேண்டியிருக்கிறது. இதே கேள்வியை பஹிர்தாருக்கோ கோண்டருக்கோ போகும் ஒருவர் கேட்டிருந்தால் அம்ஹாரிக் ஒன்றே போதும் என்றிருப்பேன். மெகெலேக்குப் போகிறவருக்குத் திக்ரிஞா, ஜிஜிகாவுக்குப் போகிறவருக்குச் சோமாலி, நெகெம்தேக்குப் போகிறவருக்கு முதல் நாளிலிருந்தே ஒரோமோ. அந்த நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. எனவே எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதைவிட எந்தத் தெருவில் குடியிருக்கப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்கள் துறைத் தலைவர் சொல்வதில் பாதி உண்மை. எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆனால் 1994ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பிறகு தொடக்கக் கல்வி அந்தந்தப் பகுதியின் தாய்மொழியில் நடக்கிறது. ஆங்கில வழி உயர்வகுப்புகளில்தான் தொடங்குகிறது. ஆகவே உங்கள் வகுப்பில் உட்காரும் முதலாண்டு மாணவர், பொறியியலோடு ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கிறவராக இருப்பார். நம்மூரில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த மாணவருக்கு முதல் செமஸ்டரில் நீங்கள் என்ன செய்தீர்களோ, அதே பொறுமை அங்கேயும் வேண்டும். அங்குள்ள மாணவர்களுக்கு நம் ஆங்கில உச்சரிப்பு புதிது. நாம் பேசும் வேகமும் அவர்களுக்கு அதிகம். ஒவ்வொரு கலைச்சொல்லையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசுவது என்ற ஒரு பழக்கம், என் அனுபவத்தில், எந்த மொழிப் பயிற்சியையும்விட வகுப்பறையில் அதிகம் உதவியது.

இதைப் படித்துவிட்டு வகுப்பிலேயே அம்ஹாரிக்கில் விளக்கிவிடலாமே என்று எண்ணிவிடாதீர்கள். பல்கலைக்கழக இடங்களை மத்திய அமைச்சகம் நாடு முழுவதும் பகிர்ந்து ஒதுக்குவதால், ஒரே வகுப்பில் அம்ஹாரா, ஒரோமோ, சிடாமா, சோமாலி, திக்ராய் மாணவர்கள் கலந்து இருப்பார்கள். நீங்கள் அம்ஹாரிக்கில் ஒரு விளக்கம் கொடுத்தால் சிலர் மகிழ்வார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏன் திருப்பினார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆகையால் வகுப்பறைக்குள் ஆங்கிலம் மட்டும் என்ற வகையில் துறைத் தலைவர் சொன்னது, அவர் எண்ணியதைவிடவும் சரி. ஆனால் நாளில் வகுப்பு நான்கு மணி நேரம் இருக்கும். மீதி இருபது மணி நேரமும் வீட்டுக்காரர், காவலாளி, ஆய்வக உதவியாளர், காய்கறி விற்கும் பெண், குடியிருப்புப் பதிவு செய்யும் கெபெலே அலுவலகம் ஆகியோரோடு கழிகிறது. அவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் ஆங்கிலம் பேசப் போவதில்லை.

இனி அம்ஹாரிக்கா, ஒரோமோவா என்பதற்கு வருகிறேன். 2007ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரோமோவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 34 விழுக்காடு, அம்ஹாரிக்கைக் கொண்டவர்கள் 29 விழுக்காடு. எண்ணிக்கையில் ஒரோமோ பெரியது; ஆயினும் வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் சந்திக்கும்போது பொதுவில் பேசுவது பெரும்பாலும் அம்ஹாரிக். 1995 முதல் நடைமுறையில் உள்ள அரசமைப்புச் சட்டம் எல்லா மொழிகளும் சமம் என்று சொல்லிவிட்டு, கூட்டரசின் அலுவல் மொழியாக அம்ஹாரிக்கை வைத்தது. 2020இல் ஒரோமோ, திக்ரிஞா, சோமாலி, அஃபார் ஆகிய நான்கையும் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. ஜிம்மா இருக்கும் ஒரோமியா மாநிலத்தின் அலுவல் மொழி ஒரோமோ. ஊருக்குள், குறிப்பாகப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிய பகுதியில், இரண்டும் ஓடும். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தையும் பார்ப்பீர்கள். ஊரைவிட்டு வெளியே காப்பித் தோட்டங்களின் பக்கம் போனால் ஒரோமோதான். கட்டுமானக் களப்பணிக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போகிற நாள் வரும்போது அது உங்களுக்குத் தேவைப்படும்.

அப்படியானால் அம்ஹாரிக்கை ஏன் முதலில் சொல்கிறேன்? ஒன்று, அலுவலகத்திலும் அடிஸ் அபாபாவிலும் பேருந்திலும் முதல் ஆறு மாதத்தில் அதுவே அதிகம் பயன்படும். மற்றொன்று, அதற்குப் பாடப்பொருள் இந்தியாவில் இருந்தபடியே கிடைக்கிறது. ஒரோமோவுக்கு அந்த அளவு கிடைப்பதில்லை, ஆனால் ஜிம்மாவில் அதைச் சொல்லித்தர ஊரே இருக்கிறது. அதற்காக ஒரோமோவை இரண்டாம் தரமாக எண்ணிவிட வேண்டாம். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் அம்மொழி பள்ளிக்கும் அச்சுக்கும் வெளியே வைக்கப்பட்டிருந்தது. 1991இல்தான் கூபே என்ற இலத்தீன் எழுத்துமுறையை முறைப்படி ஏற்றுக்கொண்டு தங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த மொழியில் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். மொழிக்கும் தன்மானத்துக்கும் என்ன தொடர்பு என்று தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரோமோக்காரர் ஒருவரிடம் முதல் வணக்கத்தை ஒரோமோவில் சொல்லிவிட்டு, பிறகு தெரிந்த அம்ஹாரிக்கில் தொடர்ந்தால் அவர் பொறுத்துக்கொள்வார். முதல் வணக்கமே அம்ஹாரிக்கில் வந்தால், மரியாதையாகப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

அம்ஹாரிக் கடினமான மொழி என்று எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர் அதில் அலுவல் தேர்ச்சி பெற ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி தேவை என்று கணக்கிடுகிறது. தமிழையும் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்! ஆங்கிலேயருக்குக் கடினமாக இருப்பது நமக்கும் கடினமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அம்ஹாரிக் செமித்திய மொழி, அரபிக்கும் ஹீப்ருவுக்கும் உறவு. ஆனால் வாக்கிய அமைப்பு நம் வீட்டு வாக்கியம்போலவே இருக்கும். வினை கடைசியில் வரும். 'அவன் சாப்பிட்டுப் போனான்' என்பது 'பெல்தோ ஹேதெ'. 'பெல்தோ' என்பது நம் 'சாப்பிட்டு' என்னும் எச்சத்தின் வேலையை அப்படியே செய்கிறது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று' அங்கே 'பிலோ'. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்வதுபோல, பசி என்னை வந்து தொட்டது என்ற பாங்கில் அவர்கள் 'ராபெஞ்' என்கிறார்கள். 'புரிந்தது' என்பதற்கு 'கெபாஞ்', அதாவது 'எனக்குள் நுழைந்தது'. நம்மூரில் 'மண்டையில் ஏறியது' என்பதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள். ஆங்கிலத்தில் யோசித்து அம்ஹாரிக்கில் பேசினால் தடுமாறுவீர்கள். தமிழில் யோசித்துச் சொல்லை மட்டும் மாற்றினால் பாதி வாக்கியங்கள் தானாக அமைந்துவிடும்.

வினையின் உள்ளே போகும்போதுதான் இந்த உறவு அறுந்துபோகும். மூன்று மெய்யெழுத்து வேரை வைத்துக்கொண்டு இடையில் உயிர்களை மாற்றுவார்கள்: ச-ப-ர என்ற வேரிலிருந்து 'உடைத்தான்' என்பதற்கு 'செபெரெ', 'உடைந்தது' என்பதற்கு 'தெசெபெரெ'. உங்கள் துறைக்கு இந்த வேர் நிறையவே பயன்படும். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய முயன்றால் இரண்டாம் வாரமே அலுத்துவிடும். வாக்கியமாகக் கேட்டுக் கேட்டுப் பழகுவதே வழி.

எழுத்தைப் பற்றி ஒரு கண்டிப்பு. அம்ஹாரிக் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பதிலில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் மேலே உள்ள 'கெபாஞ்' என்பதன் முதல் எழுத்தை நீங்கள் எப்படி ஒலித்தீர்கள் என்று யோசித்தால் சிக்கல் புரியும். நம் 'க'வும் 'ப'வும் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகள், சொல்லே மாறிவிடும். அவர்களுடைய ஃபிதெல் எழுத்தையே கற்றுக்கொள்ளுங்கள். நமக்கு அது எளிது. 33 மெய் வரிசை, ஒவ்வொன்றுக்கும் 7 உயிர் வடிவம், ஆக 231. பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்கி 216 உயிர்மெய்யை ஒன்றாம் வகுப்பில் கற்ற நம் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு பழகியதுதான். மூன்று வாரம் போதும்.

ஒலிகளில் நமக்குப் புதியவை, மூச்சைத் தொண்டையில் அடைத்துவிட்டு வெடித்து விடும் த, க, ச வகைகள். 'நல்லது' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் நம் 'திரு'வைப் போலவே ஒலிக்கும், அந்தத் தகரம் மட்டும் வெடிக்கும். இதைக் காதால் கேட்டுத்தான் பழக முடியும். மெய் இரட்டிப்பதும் பொருளை மாற்றும். ஆனால் எழுத்தில் அது காட்டப்படுவதில்லை. ஒற்றை னகரத்தோடு 'கெனா' என்றால் 'இன்னும்'. இரட்டித்து 'கென்னா' என்றால் ஜனவரி 7ஆம் தேதி அவர்கள் கொண்டாடும் கிறிஸ்துமஸ். எழுதும்போது இரண்டும் ஒன்றே. ஒரோமோவில் இந்தத் தொல்லை இல்லை: குறில் நெடிலும் ஒற்றை இரட்டையும் எழுத்திலேயே தெரியும். 'லஃப' நிலம், 'லாஃபா' மென்மையானது. அங்கே எக்ஸ் என்ற எழுத்து வெடிக்கும் தகரத்தைக் குறிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இல்லையென்றால் பேருந்துப் பலகையை ஆங்கிலம்போலப் படித்துத் திகைப்பீர்கள்.

நலம் விசாரிப்பதில் நீங்கள் பெண் என்பதும் எதிரே இருப்பவர் யார் என்பதும் முக்கியம். ஆணிடம் 'தெஹ்னா நெஹ்', பெண்ணிடம் 'தெஹ்னா நெஷ்', மரியாதைக்குரியவரிடம் 'தெஹ்னா நெவொத்'. 'நீ' என்பதற்கே ஆணுக்கு 'அந்தெ', பெண்ணுக்கு 'அஞ்சி' என்று தனித்தனிச் சொல் உண்டு. 'நீங்கள்' என்பதற்கு 'இர்ஸோ'. துறைத் தலைவரையும் வயதானவர்களையும் இர்ஸோ என்றே அழையுங்கள். ஒரோமோவில் பன்மையையே மரியாதைக்கும் வைத்துக்கொள்வதால் நமக்கு இன்னும் எளிது: ஒருவரிடம் 'அக்கம் ஜிர்தா', பெரியவரிடம் 'அக்கம் ஜிர்து'. பெயர் விஷயத்தில் நீங்கள் திணறவே மாட்டீர்கள். அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்துத் தந்தை பெயர். முனைவர் பட்டத்தோடு சேர்த்து அழைப்பதும் முதல் பெயரைத்தான். பாஸ்போர்ட்டில் நம் இனிஷியலை எப்படி விரிப்பது என்று மேற்கு நாட்டு அலுவலகங்களில் விளக்கி ஓய்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு மொழிப் பிழையால் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் மாதம், துறைச் செயலர் தொலைபேசியில் தேர்வுக் கூட்டம் 'சோஸ்த் செஆத்' என்றார். சோஸ்த் என்றால் மூன்று, செஆத் என்றால் மணி. புரிந்துவிட்டது என்ற பெருமிதத்தோடு பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன். அறை பூட்டியிருந்தது. அங்கே நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி, ஆகவே மூன்று மணி என்பது நம் காலை ஒன்பது. நம்மூரில் பொழுது விடிந்து இத்தனை நாழிகை என்று எண்ணிய தாத்தாக்களுக்கு இது உடனே விளங்கியிருக்கும். காலண்டரும் வேறு: முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம், அதன் பிறகு ஐந்து அல்லது ஆறு நாள் கொண்ட பதின்மூன்றாம் மாதம்; ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது; புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று, சில ஆண்டுகளில் 12 அன்று. எண்களைக் கற்றதும் மணி சொல்வதையும் தேதி சொல்வதையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். எவ்விடத்திலும் 'எத்தியோப்பிய மணியா, வெளிநாட்டு மணியா' என்று கேட்டு உறுதி செய்துகொள்வதில் வெட்கமே வேண்டாம்.

இன்னொன்று, எந்தப் பாடநூலிலும் முதல் அத்தியாயத்தில் இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் திடீரென மூச்சை 'ஹ்' என்று உள்ளே இழுத்தால் பதறாதீர்கள். அதற்கு 'ஆம்' என்று பொருள். முதல் வகுப்பில் மூன்றாவது வரிசை மாணவி அப்படிச் செய்தபோது அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று எண்ணிப் பாடத்தை நிறுத்தியவன் நான்.

அண்ணன் சொல்லும் அரபிக்கு வருவோம். வளைகுடாவில் பொறியியல் ஆசிரியர் பணிக்கும் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. அரபி தெரிந்தால் நல்லது, தெரியாததால் வேலை நழுவுவது அரிது. அது எப்படியானாலும், என்றோ தேடப்போகும் வேலைக்கான மொழியை இப்போது கற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்ட வேலைக்கான ஊரில் இரண்டு ஆண்டு ஊமையாக இருப்பது சரியான கணக்காக எனக்குப் படவில்லை.

நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் உங்களிடம் 90 மணி இருக்கிறது. 1,100க்கு முன் அது சிறிய எண்தான். ஆனால் நீங்கள் செய்தித்தாள் படிக்கப் போகவில்லை. முதல் மூன்று வாரம் ஃபிதெலும் ஒலிகளும். அதன் பிறகு சந்தை, வாடகை, மருந்துக்கடை, மணி, வழி கேட்பது என்று சூழல் சூழலாக. மேலே சொன்ன அமெரிக்க நிறுவனத்தின் பழைய அம்ஹாரிக் ஒலிப்பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உரையாடல்கள் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஒலிப்பயிற்சி உறுதியானது. எத்தியோப்பியாவில் இணையம் அவ்வப்போது துண்டிக்கப்படுவதுண்டு என்பதால் எல்லாவற்றையும் பதிவிறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போங்கள். ஒலிப்பாடத்தைவிட முக்கியம் ஓர் ஆள். எத்தியோப்பியாவிலிருந்து ஆய்வுப் படிப்புக்கு இந்தியா வந்திருக்கும் மாணவர்கள் பலர். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் கல்லூரித் தொடர்புகள் வழியாக விசாரித்து, ஒரோமியாவைச் சேர்ந்த ஒருவரைப் பிடியுங்கள். அவருக்குப் பெரும்பாலும் இரண்டு மொழியும் தெரிந்திருக்கும். வாரம் இரண்டு மணி நேரம் காணொளியில் பேசுங்கள், உரிய கட்டணம் கொடுங்கள், கடைசி இரண்டு வாரத்தை ஒரோமோ வணக்கங்களுக்கு ஒதுக்குங்கள்.

நீங்கள் சைவமா என்று கடிதத்தில் இல்லை. சைவமென்றால் 'யெட்சோம்' என்ற ஒரு சொல்லை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்யுங்கள். விரத உணவு என்று பொருள். மரபுவழிக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் இறைச்சியும் பாலும் முட்டையும் தொடமாட்டார்கள் என்பதால் அந்த நாட்களில் உணவகங்களில் பருப்பும் காய்கறியும் வைத்த இஞ்செரா கிடைக்கும். புளித்த மாவில் ஊற்றிய பெரிய தோசை என்று எண்ணிக்கொண்டு சாப்பிடத் தொடங்கலாம். ஜிம்மாவில் முஸ்லிம்களும் நிறைய இருப்பதால் எல்லாக் கடையிலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேட்டால் செய்து தருவார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதுவும் மொழியோடு ஒட்டியதுதான். 2020 முதல் 2022 வரை திக்ராயில் போர் நடந்தது. 2023இல் அம்ஹாரா பகுதியில் மோதல் மூண்டது. ஒரோமியாவின் சில பகுதிகளும் அமைதியாக இல்லை. புறப்படும் முன் அடிஸ் அபாபாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவுறுத்தலைப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள். மொழி கொஞ்சம் வந்துவிட்டால் அரசியல் பேச்சு காதில் விழத் தொடங்கும். எந்த மொழி உயர்ந்தது, யார் ஊர் யாருடையது என்ற பேச்சு வந்தால், 'நான் பாடம் நடத்த வந்தவள்' என்று அந்த மொழியிலேயே சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

மகளுக்காக எந்தத் தயாரிப்பும் செய்ய வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாட விட்டுவிடுங்கள். ஆறாவது மாதத்தில் உங்கள் உச்சரிப்பைத் திருத்துவாள். அவள் எந்த மொழியை வீட்டுக்குக் கொண்டு வருகிறாளோ, அதுதான் உங்கள் தெருவின் மொழி. அது ஒரோமோவாக இருந்தால் நீங்களும் அன்றே அதற்கு மாறிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எந்த வளாகம், குடியிருப்பு வளாகத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஊரே மாறுகிறது என்று தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். என் விடையும் மாறும்.